இறந்தால் யாருக்கு என்ற கட்டம்

செய்தி மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு வந்தது. எனக்கு. மங்கையற்கரசிக்கு அது இரண்டரைக்கே வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர் மனைவியைத்தான் கூப்பிடுவார்கள். அவள் தன் தமக்கைக்குச் சொல்லி, தமக்கை தன் கணவனுக்குச் சொல்லி, அதன் பிறகுதான் என் தொலைபேசி அடித்தது. என் தம்பி இறந்ததை அறிந்தவர்களில் நான் நாலாவது ஆள்.

தம்பி சண்முகலிங்கம் 1986இல் ரொறன்ரோவுக்கு அகதியாக வந்தான். வோபர்னில் என் அப்பார்ட்மென்டின் சோபாவில் ஆறு வருடம் படுத்தான். முதலில் உணவகத்தில் கோப்பை கழுவினான். பிறகு பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். மீனில் முள் எடுத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவான். படிவம் என்றால் அவனுக்கு வியர்க்கும். நான் பல்கலைக்கழகம் போனவள் என்பதால் அகதி விண்ணப்பம் முதல் வரிப்பத்திரம் வரை நானே நிரப்பினேன். நான் புள்ளடி போட்டுக் காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்பான். வாசிக்கமாட்டான்.

1989இல் ஓய்வுக்காலத்துக்கென்று ஆர்.ஆர்.எஸ்.பி. சேமிப்புத் தொடங்கினான். இறந்தால் பணம் யாருக்கு என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். அப்போது அது சரி. 1992இல் மங்கையை மணந்தான். அடுத்த பெப்ரவரியும் அந்த வருடச் சேமிப்பைப் போட வழக்கம்போலப் படிவத்தோடு வந்தான்.

"அக்கா, உதிலை மங்கையின்ரை பேரைப் போடவேணுமோ?"

"ஏன், சாகப்போறியோ? பிறகு பாப்பம்."

சிரித்துவிட்டுப் போனான். அவன் மறந்துவிட்டான், நான் மறக்கவில்லை. அதன் பின் மூன்று பெப்ரவரிகள் வந்தன. மீனுக்கு முள் எடுக்க இப்போது அவள் இருந்தாள். இந்த ஒரு கட்டமாவது எனக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபின் நானும் மங்கையும் கணக்காளர் ஜெயரட்ணம் அண்ணையிடம் போனோம்.

"செத்தவரின்ரை சொத்துக்கெண்டு கனடாவிலை தனி வரி இல்லைப் பிள்ளை," என்றார் என்னிடம். "ஆனால் உந்தச் சேமிப்பு முழுக்க அவரின்ரை கடைசி வருச வருமானமெண்டு கணக்கெடுப்பினம். மனுசியின்ரை பேர் இருந்தால் வரியில்லாமல் அவவின்ரை சேமிப்புக்கு மாத்தலாம். இதிலை உங்கடை பேர் கிடக்கு. காசு உங்களுக்கு. வரி, மங்கைக்கு வரவேண்டிய மிச்சத்திலை இருந்து போகும்."

"கலியாணம் கட்டி நாலு வருசந்தானே அண்ணை?" என்றேன்.

"நாலு நாளெண்டாலும் மனுசி மனுசிதான்."

"நாப்பது வருசம் அக்காவாய் இருந்தால் என்ன சலுகை?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அக்காமாருக்கு ஒண்டும் எழுதி வைக்கேல்லை. ஆனால் உந்தக் காசு எனக்கு வேண்டாமெண்டு நீங்கள் எழுதிக் குடுத்தால், அது அவரின்ரை மற்றச் சொத்தோடை சேரும். பிறகு மங்கைக்கு வரியில்லாமல் மாத்த வழியிருக்கு."

வெளியே கார் நிறுத்துமிடத்தில் மங்கை என் கையைப் பிடித்தாள்.

"மச்சாள், நீங்கள் ஒண்டும் எழுதிக் குடுக்கவேண்டாம். அவர் யோசிச்சுத்தான் உங்கடை பேரை விட்டிருப்பார். வரியை நான் எப்பிடியும் சமாளிப்பன்."

இறந்த பிறகும் அவன் மனம் தனக்குத் தெரியும் என்று அவள் பேசியதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் சொன்னது உண்மையாக இருந்திருக்கக் கூடாதா என்றும் ஏங்கினேன். அவன் கேட்டான், நான்தான் மாற்றவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம்.

"குளிருது, ஏறு," என்றேன்.

அது நடந்து பதினொரு நாள். பணம் வேண்டாம் என்ற பத்திரத்தில் அவன் பெயர், என் பெயர், முகவரி எல்லாம் எழுதியாகிவிட்டது. கையெழுத்தைச் சாட்சி ஒருவர் முன்னிலையில்தான் போடவேண்டுமாம். சாட்சிக்கு இன்னும் ஒருவரையும் கேட்கவில்லை.