வெண்டைக்காய்த் தண்ணீரும் நேர்ந்துவிட்ட முடியும்

பிடரியில் இறங்கி முதுகுத்தண்டு வழியாக இடுப்புவரை ஊர்ந்து போகும் வெண்டைக்காய்த் தண்ணீரின் வழவழப்பை, இந்த வயதிலும் கண்ணை மூடினால் என் தோல் அப்படியே திருப்பிச் சொல்லும். வெண்டைக்காயைக் குழம்பிலும் பொரியலிலும் மட்டுமே பார்த்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் என் தலைக்குக் கடைசியில் ஒத்துவந்தது அதுதான்; அது ஒத்துவந்ததே வினையாகவும் போயிற்று.

என் அப்பா பிழைப்புக்காக ஆப்பிரிக்காக் கரையில் மொம்பாசா துறைமுகத்துக்குப் போய், மூட்டைக் கணக்கு எழுதும் வேலையில் இருந்து, அங்கேயே மாதா கோயிலில் வைத்து என் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டவர். அம்மா பெயர் ரோசா, அந்த ஊர்க்காரி. எனக்கு எட்டு வயதானபோது அப்பாவுக்கு அங்கே வேலை போய்விட, நாங்கள் மூவரும் கப்பலேறி பம்பாயில் இறங்கி, ரயில் மாறி மாறிப் பூதலூர் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தோம். அங்கிருந்து தெற்கே வாய்க்கால் கரையோடு நடந்தால் எங்கள் ஊர். எனக்கு அம்மாவின் நிறம், அம்மாவின் முடி. இழுத்தால் நெஞ்சுவரை வரும், விட்டால் ‘விசுக்’கென்று காதுக்கு மேலே ஏறிக்கொள்ளும், ஒவ்வொரு இழையும் தனித்தனியாகச் சுருண்டிருக்கும்.

வீட்டில் இருந்தது அப்பாவின் அக்கா, சூசையம்மாள் அத்தை. இளம் வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்து, மிராசுதாரிடம் தாத்தா காலத்திலிருந்து குத்தகைக்கு இருந்த நாலு மா நிலத்தைத் தானே சேற்றில் இறங்கிப் பயிர் செய்துகொண்டிருந்தவர். ஊரெல்லாம் அம்மாவை வாயைப் பிளந்து பார்த்த அன்று, அத்தை மட்டும் அம்மாவின் கையைப் பிடித்து, களைச்சுப் போயிட்டியேம்மா என்று உள்ளே கூட்டிப்போனார். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. ஆனால் மனுஷியைப் பொறுத்துக்கொண்ட அத்தையால் முடியைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போக சனிக்கிழமை தலை முழுகுவது எங்கள் தெருப் பெண்களின் வழக்கம். முதல் சனிக்கிழமையே அத்தை என்னைக் கிணற்றடியில் உட்கார்த்தி, ஒரு கை நிறைய சீயக்காய்த் தூளை வைத்துத் தேய்த்தார். கண் எரிந்ததை விடுங்கள், எல்லாப் பிள்ளைக்கும் எரிவதுதான். காய்ந்த பிறகுதான் பார்த்தோம், தலை வைக்கோற்போராக நின்றது. அதன் மேல் பேன்சீப்பைப் போட்டு வாரினார். சீப்புக்கு நாலு பல் போயிற்று, எனக்குப் பிடிபிடியாக முடி போயிற்று. அம்மா ஓடிவந்து, ஈரமாக இருக்கும்போதுதான் இந்த முடியைச் சிக்கெடுக்க வேண்டும் என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிப்பார்த்தாள். அத்தையிடம் அதற்கு ஒரு சொல் தயாராக இருந்தது: “ஈரத்தலையில சீப்பு வச்சா குடும்பத்துக்கு ஆகாது.” இப்படி இரண்டு நாட்டுச் சாஸ்திரத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டது என் மண்டை.

அம்மா ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினாள். தஞ்சாவூரில் பெரிய மருந்துக் கடை ஒன்றில் ‘ஷாம்பு’ என்று ஒரு குப்பி இருந்தது. அப்பாவை நச்சரித்து வாங்கிவரச் செய்தாள். நுரை என்னவோ மலைபோல வந்தது, முடி சீயக்காய் போட்டதைவிட அதிகமாக முறுகிப்போயிற்று. அந்தக் குப்பியின் மேல் நீள முடி பளபளக்க ஒரு பெண் படம் இருந்தது. அம்மா அந்தப் படத்தைத் தன் தலைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டி, இவளுக்குச் செய்த சாமான் நமக்கு எப்படி ஆகும் என்று அப்பாவிடம் கேட்டாள். பிறகு அரப்பு, அது பச்சையாகத் தலையில் ஒட்டிக்கொண்டு பூசை நடுவில் உதிர்ந்தது. பிறகு வெந்தயம், அந்த வாசனைக்குப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவள் பெஞ்சு மாறி உட்கார்ந்தாள். ஏற்கெனவே என்னைப் பார்த்தால் பிள்ளைகள், ‘தேனடை வருது, கொட்டும்டி’ என்று சொல்லி ஒதுங்குவார்கள். வாரம் தவறாமல் முழுக வேண்டும் என்று அத்தையும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும் என்று அம்மாவும், குறுக்கே எரிச்சலில் தலையைச் சொறிந்துகொண்டு நானும். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டுச் சனிக்கிழமைகள் சண்டைக்கிழமைகள்தான்.

வழி ஒருநாள் அடுப்படியில் கிடைத்தது. முற்றல் வெண்டைக்காயை மாட்டுக்குப் போட நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, விரலில் ஒட்டிய கொழகொழப்பை இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்து இழுத்துப் பார்த்தாள். நாலு காயைத் தண்ணீரில் வேகவைத்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஆறவைத்தாள். முதலில் பயத்தமாவை நீர்க்கக் கரைத்து அழுக்கை எடுத்துவிட்டு, அதன் பிறகு இந்தத் தண்ணீரை ஊற்றி விரலாலேயே கோதினாள். ஒரு முடிகூட அறுபடவில்லை. தன் ஊரிலிருந்து கொண்டுவந்த அகலப் பல் மரச்சீப்பு, வெண்ணெயில் போவதுபோல் போயிற்று. அத்தை வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, “குழம்புக்குக் காயில்லாத வீட்டுல தலைக்கு வெண்டைக்காயா? நாளைக்குச் சாம்பாரையும் ஊத்துவ போல” என்றார். அம்மா சிரித்தாள். அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

ஆறேழு மாதத்தில் முடி அடர்ந்து, கறுத்து, தோளைத் தொட்டது. அம்மா அதைச் சன்னம் சன்னமாகப் பின்னி, நெற்றியிலிருந்து பின்கழுத்துவரை நாற்று நட்ட வரிசைபோல் வகிடு வகிடாகப் படியவைப்பாள். தேனடை என்று ஒதுங்கிய பெண்கள் வந்து தொட்டுப் பார்க்கக் கேட்டார்கள். நான்தான் பிகு பண்ணிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நிலத்துக்கு ஆபத்து வந்தது. கட்சி ஆட்சி மாறி, குத்தகைக்காரர் பெயரைப் பதிந்துகொள்ளச் சட்டம் வந்திருந்தது. பதிந்துவிட்டால் பிறகு நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது என்பதால், பதிவதற்கு முன்னாலேயே ஆளை எழுப்பிவிடப் பல மிராசுதார்கள் முனைந்தார்கள். ஊருக்கு ஊர் கறுப்புச் சிவப்பும் செங்கொடியுமாகப் பறந்தன. கிழக்கே நாகைப் பக்கத்திலிருந்து வந்த சேதிகளைப் பெரியவர்கள் எங்கள் காதில் விழாமல் பேசிக்கொண்டார்கள். எங்கள் மிராசுதாரின் ஆள் வந்து, பொம்பளை பயிர் பண்றதெல்லாம் குத்தகையில் சேராது, அறுப்போடு கரையேறிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனான். அத்தை தாலுக்கா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். அந்த நாலு மாவைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறெதுவும் இல்லை.

ஒருநாள் சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை சொல்லி முடித்ததும், அத்தை எழுந்திருக்காமல் முட்டிபோட்டபடியே மாதா படத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்: “தாயே, அந்த நிலம் எங்க பேருல பதிஞ்சா, இந்தப் புள்ள முடியை வேளாங்கண்ணியில உனக்கு இறக்கிடுறேன்.”

அம்மாவுக்கு ‘இறக்கிடுறேன்’ என்ற சொல் விளங்கவில்லை. அப்பா மெல்லிய குரலில் அவள் பாஷையில் சொன்னதும், என் தலையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

அதிலிருந்து என் பாடு பெரும்பாடு. நிலம் கிடைக்க வேண்டும் என்று அத்தையோடு ஜெபிப்பேன். முடி போய்விடுமே என்று நினைத்ததும் பாதியில் நிறுத்திவிடுவேன். நான் நிறுத்தியதால் நிலம் போய்விட்டால் அத்தை என்ன ஆவார் என்று பயந்து மறுபடி தொடங்குவேன். ஒன்பது வயதுப் பிள்ளை மாதாவிடம் என்னதான் கேட்கும்?

அறுப்பு முடிவதற்குள் பதிவு ஆகிவிட்டது. காகிதத்தை மாதா படத்தடியில் வைத்து அத்தை அழுதார். மறுநாள் காலை, வேளாங்கண்ணிக்கு எப்போது போவது என்று அவர் அப்பாவிடம் கேட்டபோது, அடுப்படியிலிருந்து அம்மா வெளியே வந்தாள்.

“அண்ணி, உங்க தலையில முடி இருக்கு. என் பிள்ளை முடி ஏன்?”

அத்தை கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. “என் நரைச்ச முடி மாதாவுக்கு எதுக்கு ரோசா? நேர்ந்துக்கிட்டா அருமையானதைத்தான் நேரணும். இந்த வீட்டுல அருமையா வளர்ந்தது அது ஒண்ணுதானே.”

ஒரு வருஷம் முழுக்க அந்த முடியைத் திட்டித் தீர்த்தவர் சொன்ன சொல் இது. அதை அருமை என்று அவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஒப்புக்கொண்டதும் கேட்டதும் ஒரே மூச்சில். இத்தனை வருஷம் கழித்தும் அந்த நியாயத்தை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மா சொன்னாள்: “மாதா கேக்கல. நீங்க கேட்டீங்க.”

“சொன்ன சொல்லு மாதா காதுல விழுந்துருச்சேம்மா. இனி நான் என்ன பண்ண?”

அம்மாவும் மாதாவை நம்பியவள். அங்கேதான் அவள் தோற்றாள். அப்பா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கே தோன்றவில்லை.

கிளம்பும் நாளன்று விடிகாலையில் அம்மா வெண்டைக்காயை வேகவைத்தாள். போகப்போகிற முடிக்கு இது எதற்கு என்று அத்தை கேட்கவில்லை; அவரே தண்ணீர் சேந்தி ஊற்றினார். வேளாங்கண்ணியில் மொட்டை போடும் இடத்தில், நாவிதர் என் பின்னலை அவிழ்த்துத் தண்ணீர் தெளித்து, கத்தி ஓடமாட்டேங்குதே என்று முனகி, இந்தப் பிள்ளை எந்த ஊர் என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார்: “எங்க ஊருதான். பூதலூருக்குத் தெக்க. ஏன், கத்தி ஊரு பாத்துத்தான் ஓடுமா? சாணை புடிச்சிட்டு வாங்க.” அந்த அத்தையை என்னால் வெறுக்கவும் முடியவில்லை. அதுதான் என் கஷ்டம்.

மொட்டை போட்டால் முடி நேராக வளரும் என்று தெருவே சொன்னது. நேராக வளரவில்லை, சுருண்டுதான் வந்தது. வந்ததும் வராததுமாக அம்மா கத்தரிக்கோலை எடுத்து ஒட்ட வெட்டினாள். மறுபடி வளர்ந்தது, மறுபடி வெட்டினாள். எனக்குக் கல்யாணம் பேசும்வரை என் தலையில் நாலு விரற்கடைக்கு மேல் முடி இருக்க விட்டதில்லை. ஏன் வெட்டுகிறாய் என்று அழுதபோது, “இருந்தா கேப்பாங்க” என்று மட்டும் சொன்னாள். வெண்டைக்காய் மறுபடி குழம்புக்கே போயிற்று. என் முடியை எடுத்தது அத்தை என்றுதான் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்குப் பார்த்தால் அத்தை ஒருமுறை எடுத்தார், அம்மா பத்து வருஷம் எடுத்தாள்.

இப்போது அம்மா இல்லை, அத்தை இல்லை. அந்த நாலு மாவை அத்தைக்குப் பின்னால் பயிர் செய்ய ஆளில்லாமல் விட்டோம். அதில் கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். கடையில் சீயக்காய்கூடப் பொட்டலத்தில் வருகிறது, கண் எரிவதில்லை. என் மகள் கனடாவில் இருக்கிறாள். அங்கே இந்த மாதிரி முடிக்கென்றே தனிக் கடை இருக்கிறதாம், அலமாரி அலமாரியாகக் குப்பிகளாம். நுரை அதிகம் வராத, முடியைக் காயவிடாத சாதியாகப் பார்த்து மூன்று குப்பி எனக்கு அனுப்பினாள். அதன் மேல் ஒட்டியிருந்த படத்தில் இருந்த பெண்ணுக்கு என் அம்மாவின் சாயல். அவற்றைத் திறக்க மனமில்லாமல் ஒரு வாரம் வைத்திருந்தேன்.

அந்த வாரத்தில்தான் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் என்று போன் வந்தது. நான் மாதா படத்தின் முன்னால் முட்டிபோட்டேன். “தாயே, என் மகள் எழுந்து வந்தால் பேத்தியின் மு...” என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது. நான் கற்றுக்கொள்ளவில்லை, பாருங்கள். அந்த வீட்டில் வளர்ந்த வாய் அது. அரைச் சொல்லில் நிறுத்தி, பிறகு சொல்லை மாற்றிச் சொன்னேன்.

மகள் நலமாக வீட்டுக்கு வந்துவிட்டாள். போன மாதம் நான் வேளாங்கண்ணிக்குத் தனியாகப் போய் வந்தேன். தலையில் இப்போது சந்தனம்தான் இருக்கிறது. மூன்று குப்பிகளும் அலமாரியில் அப்படியே நிற்கின்றன. வளர்ந்தால் திறக்க வேண்டும். இந்த முறை வெட்டமாட்டேன்.