கோடாலிக்காரர் ஏற்றிவிட்ட லாரி

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது எலவனாசூர்கோட்டைக்கு அருகே மரங்களை வெட்டிப் போட்டு எங்கள் பஸ்ஸை மறித்தார்கள். மறுநாள் காலை மெட்ராஸில் எனக்கு மாணவர் விசா நேர்காணல். தலையில் துண்டு கட்டிய ஒருவர், கோடாலியின் கூர்முனையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தார். வெளிநாட்டுக் கல்லூரியின் அனுமதிக் கடிதத்தை அவரிடம் நீட்டினேன்.

“இது இருந்தா வெளிநாட்டுக்கு வுட்டுடுவாங்களா?” என்றார்.

“நாளைக்குக் காலையில மெட்ராஸ்ல விசா ஆபீசருங்க கேப்பாங்க. படிச்சிட்டு ஊருக்குத் திரும்பிடுவேன்னு அவங்க நம்பணுங்க.”

“எம் பொண்ணுக்கு மார்க்கு இருந்தும் இங்கயே சீட்டு கெடைக்கல. நீ போய்ப் படி. சைக்கிள்ல ஏறு.”

கரும்பு வயல் வழியே கொண்டுபோய், மறியல் இல்லாத சாலையில் ஒரு லாரியை நிறுத்தி ஏற்றிவிட்டார். அவர் திரும்பியதுமே ஒரு போலீஸ் ஜீப் அந்த வயலோரம் வந்து நின்றது. லாரி நகர்ந்துவிட்டது.

விசா கிடைத்தது. அவர் அன்று வீடு போய்ச் சேர்ந்தாரா என்று விசாரிக்க, எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.