கொலை செய்தது பீப்

படம் முடிந்து வெளியே வருகிற மனுஷருக்கு முதலில் வேண்டியது பாத்ரூம், அடுத்தது பைக் டோக்கன், இந்த இரண்டுக்கும் நடுவில் புகுந்து மைக்கை நீட்டி "படம் எப்படி இருக்கு?" என்று கேட்கிற பிழைப்பு என்னுடையது. ஒரு யூடியூப் சேனலுக்காக வெள்ளிக்கிழமைதோறும் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஏதாவது ஒரு தியேட்டர் வாசலில் நிற்பேன். சர்வே எடுப்பவர்களே, இன்ஷூரன்ஸ் விற்பவர்களே, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று போன் போட்டுத் திட்டு வாங்குபவர்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும். படம் பார்ப்பதற்கு முன்பே யாரோ ஒரு புண்ணியவான் முடிவைச் சொல்லிக் கெடுத்திருந்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

இது ஒரு படத்தின் மூன்று நாள் கதை. பெரிய நடிகர் யாரும் இல்லாத மர்டர் மிஸ்டரி. ஐந்து பேர் மேல் சந்தேகம், பத்து நிமிஷத்துக்கு ஒரு ட்விஸ்ட். எங்கள் வேலையில் இருப்பவர்கள் படத்தை உள்ளே போய்ப் பார்ப்பது அபூர்வம். நான் வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில் இதைப் பார்த்தேன், கடைசி ரீல் வரைக்கும் கொலையாளி யாரென்று தெரியாமல் முட்டாளாக உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பிடித்துவிட்டது.

ஒரு தடவை பார்க்கலாம்

அன்று மேட்னி முடிந்து முப்பது பேர்கூட வெளியே வரவில்லை. தொப்பியும் மாஸ்க்கும் போட்ட ஒருவர் சுவரை ஒட்டிக்கொண்டு நழுவினார். விடுவேனா? வழிமறித்து மைக்கை நீட்டினேன். போலீஸில் மாட்டிக்கொண்ட மாதிரி விழித்துவிட்டு, "ம்... பரவால்ல. ஒரு தடவை பார்க்கலாம்" என்றார். இந்த வார்த்தையைச் சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் தொழிலில் இதற்கு அர்த்தம், படத்துக்குப் பால் ஊற்றியாகிவிட்டது என்பதுதான்.

தியேட்டர் மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சிரித்தார். "அவரு யார் தெரியுமா? படத்தோட டைரக்டரே அவர்தான். இங்க அஸ்தினாபுரத்துக்காரரு. ஏழு வருஷமா இந்த ஒரு கதையை வெச்சுக்கிட்டு அலைஞ்சவரு." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மேட்னி நிறையாவிட்டால் திங்கட்கிழமை படத்தைத் தூக்கிவிடுவோம் என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பைக் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிப்போய் அந்த மனுஷரைப் பிடித்து, உங்கள் படத்தை நீங்களே இப்படிச் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நானே சூப்பர்னு சொன்னா அசிங்கமா இருக்காதாம்மா?"

பஞ்சர் கடை அண்ணன்

அவருக்காகவே நல்ல கருத்தாக நாலு பிடிக்க வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது. கிழக்குத் தாம்பரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கிடைத்தார். "இன்னாம்மா படம் எடுத்து வெச்சிக்கிறான்! மூணு வாட்டி நான் கண்டுபுட்சேன், மூணு வாட்டியும் வேற ஆளு. ஒரே பேஜாரா பூட்ச்சு" என்று ஆரம்பித்தார். ஆஹா என்று நான் பூரிக்கும்போதே கொலையாளியின் பெயரைப் போட்டு உடைத்துவிட்டார். ஐயோ அண்ணா, பெயரைச் சொல்லாதீர்கள், சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்று கெஞ்சினேன். ரொம்பப் பெரிய மனசு அவருக்கு, உடனே ஒத்துக்கொண்டார். அவர் சொன்னதை எங்கள் கேமராமேன் ரியாஸ் பீப் சத்தம் போட்டு மறைத்த பிறகு மிஞ்சியது இதுதான்:

"சரிம்மா, பேரு வாணாம். பீப் ஊட்டுக்கு பீப் வேலைக்கு வந்த பீப்புனு மட்டும் போட்டுக்க."

இன்டர்வெல் மேதை

காட்டாங்குளத்தூரிலிருந்து காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு நாலு பேர் ரயிலேறி வந்திருந்தார்கள். அதில் ஒருத்தன் மைக்கை என் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டான். இயக்குநருக்குச் சரக்கு பத்தவில்லை, கொலை யார் செய்தது என்று இன்டர்வெல்லிலேயே கண்டுபிடித்துவிட்டேன், நான் நிறைய கொரியன் படம் பார்ப்பவன் என்று ஒரே அலட்டல். இப்படி ஒன்று போதும், படம் காலி. பின்னால் நின்ற அவன் நண்பன்தான் என் வயிற்றில் பால் வார்த்தான்.

"டேய் மச்சான், இன்டர்வெல்ல நீ சொன்னது செத்துப்போனவன் பேருடா!"

ஜமீலாம்மா

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஜாக்கெட் துணி, லைனிங் துணிக் கடை வைத்திருப்பவர் ஜமீலாம்மா. ரியாஸுக்கு அதே தெரு. அதிர்ந்து பேசமாட்டார், கடையில் வேலை செய்கிறவர்களைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குப் படம் பார்த்த கொதிப்பில் மடமடவென்று பேசினார். அத்தனையும் தங்கம். ஆனால் மூச்சுக்கு ஒரு தடவை கொலையாளியின் பெயர்.

பெயரை மட்டும் பீப் போட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நம்முடைய தமிழ் விடாது ஐயா! வந்தான், வந்தாள் என்று ஒவ்வொரு வினையின் வாலிலும் ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகப் பட்டியலில் மூன்று ஆண், இரண்டு பெண். பாதி சஸ்பென்ஸ் அங்கேயே போச்சு. ஆகவே ரியாஸ் வால் வந்த இடத்தில் எல்லாம் பீப் போட்டான். அவனிடம் இருந்ததோ கெட்ட வார்த்தைக்குப் போடுகிற அந்த ஒரே சத்தம். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜமீலாம்மா உலகத்துக்குச் சொன்னது இப்படி வெளியானது:

"பார்த்தவுடனே தெரியும்மா, இந்த பீப் சரியில்லைன்னு! சோறு போட்ட வீட்டுலயே பீப்! என்னமா பீப், பீப்! என் கையில மட்டும் கிடைக்கட்டும், பீப்பை பீப்!"

சம்பந்தி வீட்டுப் போன்

விடிவதற்குள் வீடியோ எங்கெங்கோ போய்விட்டது. 'இவ்வளவு திட்டுகிற அளவுக்குப் படம் மோசமா?' என்று பாதிப் பேர். 'அப்படி என்னதான் சொன்னாங்க?' என்று மீதிப் பேர். சனிக்கிழமை மத்தியானம் தியேட்டர் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜமீலாம்மா இறங்கினார். ரியாஸ் கேமரா ஸ்டாண்டோடு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டான். "என் பொண்ணோட மாமியார் செம்பாக்கத்துலேர்ந்து போன் பண்றாங்க. உங்களை மரியாதையான குடும்பம்னு நம்பித்தானே பொண்ணெடுத்தோம்னு கேக்குறாங்க. என் வாயில இதுவரைக்கும் ஒரு கெட்ட வார்த்தை வந்திருக்குமா? நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்க வீட்டுப் படி ஏறுவேன்?" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

பீப்பை எடுத்துவிட்டால் அவர் மானம் பிழைக்கும், ஆனால் கொலையாளி யாரென்று ஊருக்கே தெரிந்து படம் செத்துப்போகும். அதனால் வீடியோவையே எடுத்துவிடுகிறேன் அம்மா, மன்னித்துவிடுங்கள் என்றேன். எடுத்தாலும் நஷ்டம் படத்துக்குத்தான், வேறு வழி தெரியவில்லை. அன்றைக்கும் கூட்டம் பார்க்க வந்திருந்த தொப்பிக்கார டைரக்டர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "எடுத்துடுங்க, படத்தை விட அவங்க மரியாதை பெருசு" என்றார். ஜமீலாம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். யார் என்று கேட்டார். சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்குப் போட போனை எடுத்தபடியே என்னிடம் சொன்னார்.

"வீடியோவை எடுத்துடாதீங்கம்மா. நாளைக்கு அவங்க எல்லாரையும் நானே கூட்டிட்டு வந்து உக்கார வெக்கிறேன். அந்த பீப்புக்குள்ள என்ன இருந்துச்சுன்னு அவங்க கண்ணாலயே பாக்கட்டும்!"

நிஜமான பீப்

ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு செம்பாக்கத்திலிருந்து ஒரு வேன் நிறையச் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். அவர்கள் மட்டுமா? பீப்புக்குள் இருப்பது என்ன என்று தெரியாமல் தூக்கம் கெட்ட ஜனம் ரோடு வரைக்கும் வரிசையில் நின்றது. பஞ்சர் கடை அண்ணன் குடும்பத்தோடு வந்து, கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிற வேலையை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டார். மேனேஜர் ஹவுஸ்ஃபுல் போர்டைத் தேடினார், அதைக் கேன்டீனில் தட்டுமுட்டுச் சாமானோடு போட்டு வைத்திருந்தார்கள். தூசி தட்டி மாட்டினார். நான் விசில் அடித்தேன். எனக்கு விசில் வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

படம் விட்டதும் ஜமீலாம்மாவின் சம்பந்தி அம்மா நேராக என் மைக்குக்கு வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. ஜமீலாம்மா ஒரு அடி பின்னால், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். சம்பந்தி அம்மா சொன்னதில் ரியாஸ் போட்ட கடைசி பீப், பெயருக்கும் இல்லை, வினையின் வாலுக்கும் இல்லை. நிஜமாகவே அது பீப்புக்குரிய வார்த்தைதான்.

"எங்க ஜமீலா ரொம்ப மரியாதையாத்தான் பேசியிருக்காங்க. நானா இருந்தா அந்த பீப்பை, பீப்னே கேட்டிருப்பேன்!"

தூக்கலையாம்

இரண்டு சம்பந்திகளும் கையைக் கோத்துக்கொண்டு வேன் ஏறியதைப் பார்த்தபோதுதான் எனக்கு உயிரே வந்தது. மேனேஜர் டைரக்டரின் தோளைத் தட்டி, திங்கட்கிழமை படம் இருக்கிறது, இரண்டு காட்சிக்குப் பதில் நாலு காட்சி என்றார். மனுஷர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மாஸ்க் எங்கே போனதோ. மனைவிக்குப் போன் போட்டு, "வித்யா, தூக்கலையாம்... தூக்கலையாம் வித்யா..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி ஏங்கி ஏங்கி அழுதார். எனக்கும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஸ்பீக்கரில் அந்த அம்மாவும் அழுதுகொண்டேதான் பேசினார்.

"சரி சரி, அழாதீங்க. தியேட்டர் வாசல்ல மைக்கை வெச்சுக்கிட்டு எவளாவது நிக்கப் போறா!"

ஜனங்களின் வாயைத் திறக்க வைக்கத்தான் இத்தனை வருஷமாக மைக்கை நீட்டி வருகிறேன். ஆனால் நான் காப்பாற்றிக் கொடுத்த ஒரே படம், பீப் போட்டு நான் அவர்கள் வாயைப் பொத்திவிட்ட படம்தான்.