தம்பி ஏறிய ஆகாசக் கப்பல்

என் அலமாரியில் ஒரு கேம் கன்ட்ரோலர் இருக்கிறது. அதன் உடம்பு விரிசல் விட்டு இரண்டாகப் பிளக்கப் பார்த்தபோது, வலை பின்னுகிற நைலான் நூலை இறுக்கிச் சுற்றி அதை மறுபடியும் ஒன்றாக்கினார் என் மாமா. மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். அந்த முடிச்சு கடலில் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. கட்டு இன்றைக்கும் இளகவில்லை. கட்டிய ஆள்தான் இல்லை.

மாமா பாகூர்ப் பக்கத்துக் கடலோரக் குப்பத்தில் பிறந்தவர். பேச்சில் கெட்டிக்காரர். "கரையில நிக்கிறவனுக்கு அலை எல்லாம் சின்னதுதான்டா" என்பார். யாராவது வெட்டியாகப் பெருமை பேசினால், "வலைய ஒதறு, அப்புறம் மீன எண்ணு" என்று ஒரே வார்த்தையில் உட்கார வைத்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதரை, பைபர் போட்டைக் கரையேற்றும்போது வந்த ஓர் அலை தூக்கி, அந்தப் படகின் விளிம்பிலேயே அடித்தது. முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே அவருக்கு உடம்பு இருந்தது, உணர்ச்சி இல்லை. "பாதி ஆளு கரையில, பாதி ஆளு கடல்ல" என்று அதையும் ஒரு பேச்சாக்கிச் சிரித்தார். அப்போது அவரால் சிரிக்க முடிந்தது.

அந்தச் சிரிப்பு நின்றது அவருடைய தம்பியால். மாமா படுத்த பிறகு அதே போட்டை அந்தத் தம்பிதான் ஓட்டினான். கூட வர வேண்டியவன் வராத ஒருநாள், தனியாகவே போனான். காற்று திரும்பியது, எஞ்சின் நின்றது. கரைக்குக் கிட்டத்தில்தான் இருந்தான், போனில் சிக்னல் கிடைக்கிற தூரம். கடலில் ஒருவன் கூப்பிட்டால், பகையாளியானாலும் வலையை அறுத்துவிட்டாவது போய்ச் சேர வேண்டும் என்பது அந்தக் குப்பத்தின் கட்டு. அதை எழுதி வைத்தவர் யாரும் இல்லை, மீறியவரும் இல்லை. ஆட்கள் போகத்தான் போனார்கள். முகத்துவாரத்திலேயே அலை ஒரு போட்டைக் கவிழ்த்தது. கவிழ்ந்தவர்களைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களும் திரும்ப வேண்டியதாயிற்று. படுக்கையில் கிடந்த மாமாவின் காதில் போன் இருந்தது. "அண்ணே, யாராச்சும் வர்றாங்களா?" என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். போட்டுகள் திரும்பிவிட்ட செய்தி வந்த பிறகும் மாமா சொன்னார், "வர்றாங்கடா. கிட்டக்க வந்துட்டாங்க." கொஞ்ச நேரத்தில் போன் அடங்கியது. போட்டு மட்டும் எங்கேயோ தெற்கே ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அக்காவிடம் கேட்டது ஒன்றுதான். "அலைச் சத்தம் கேக்காத வூடா பாருடி." சோரியாங்குப்பத்தில், வயல் ஓரமாக ஒரு வீட்டைப் பிடித்தோம். கடல் சத்தம் கேட்கவில்லை. ஆனால் காற்றடித்தால் கரும்புத் தோகை அலைபோலவே சத்தம் போடும். அவர் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக் கிடப்பார். பேசுவது குறைந்து, சாப்பாடு குறைந்து, ஆளே குறைந்துகொண்டு வந்தார்.

நான் திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தேன். வேலை இல்லாத நேரமெல்லாம் அக்கா வீட்டில்தான் கிடப்பேன். கூட வேலை பார்த்தவன் ஒருவன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதை எனக்குத் தந்தான். அதில் ஒரு விளையாட்டும் இருந்தது. விண்வெளிக் கொள்ளைக்காரர் விளையாட்டு. நாம் ஒரு கப்பலுக்குத் தலைவன். ஆட்களைச் சேர்த்து, கிரகம் கிரகமாகத் திரிந்து, சரக்குக் கப்பல்களை மடக்க வேண்டும். ஆட்கள் நம்மோடு பேசுவார்கள். நாம் தேர்ந்தெடுக்கும் பதிலைப் பொறுத்து விசுவாசமாக இருப்பார்கள் அல்லது விட்டுப் போவார்கள். சண்டை வந்தால் யோசிக்க நேரம் தராது. நாம் திகைத்து நிற்கும்போதும் எதிரி சுட்டுக்கொண்டே இருப்பான். மதகடிப்பட்டில் ஒரு கன்ட்ரோலர் வாங்கி, எல்லாவற்றையும் மாமாவின் கட்டிலுக்கு எதிரே வைத்தேன்.

"ஆகாசத்துல இன்னாடா இருக்குது, கொள்ளையடிக்க?" என்றார் மாமா. பல நாளைக்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி அது.

இங்கிலீஷ் அவருக்குப் படிக்க வராது. நான் படித்துச் சொல்வேன், அவர் பதில் சொல்வார், நான் காட்டுகிற இடத்தில் அழுத்துவார். சண்டைக்கு மட்டும் நான் தேவைப்படவில்லை. அந்தக் கை அப்படிப்பட்ட கை. எதிரியின் குண்டு வருமுன்பே, அலையின் முதுகில் ஏறுவதுபோலக் கப்பலைச் சாய்த்துவிடுவார். கப்பல் சாயும்போது தோளும் சாயும், கழுத்தும் சாயும். போர்வைக்குள் இருந்த பாதி மட்டும் அசையாது. அக்கா முறத்தோடு வந்து நின்று பார்ப்பாள். "கொள்ளக்காரரே, அப்படியே ரெண்டு வஞ்சரம் புடிச்சிக்கினு வாங்க, கொயம்பு வெச்சிடுறேன்" என்பாள். "போடி, இங்க தண்ணியே இல்ல" என்பார். அக்கா அடுப்படிக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவர் பதில் சொன்னாரே என்கிற சந்தோஷம்.

விளையாட்டைத் தொடங்கும்போது ஒரு கேள்வி வரும். தோற்றால் பழைய இடத்திலிருந்து மறுபடி ஆடலாம். அல்லது ஒரே உயிர், போனது போனதுதான். நான் முதலாவதைத்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "கடல்ல திரும்ப ஆரம்பிக்கிற பட்டன் இருக்குதாடா?" என்றார். எஞ்சின் பார்க்கிற ஆளுக்கு என்ன பெயர் வைக்க என்று கேட்டேன். "தம்பின்னு போடு."

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அது விளையாட்டாக இல்லை. காலையில் எழுந்ததும், "தம்பி சாப்ட்டானா பாரு" என்பார், சிரிக்காமல். கொள்ளையில் வந்த சரக்கிலிருந்து ஒரு பெட்டியை எப்போதும் வெளியே தள்ளிவிடுவார். "கடலுக்கு உண்டானது கடலுக்கு." அந்தப் பெட்டியின் தடம் பிடித்துத்தான் எதிரிகள் துரத்தி வந்தார்கள். சொன்னாலும் நிறுத்தவில்லை. அதைவிட மோசம், ஆபத்து என்று எவன் கூப்பிட்டாலும் கப்பலைத் திருப்பிவிடுவார். அந்த விளையாட்டில் உதவி கேட்டு வருகிற குரலில் பாதிக்குமேல் பொறி. மற்றக் கொள்ளைக்காரர்கள் பதுங்கிக்கொண்டு கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் அடிபட்டு, ஆளை இழந்து, தப்பி வருவோம்.

"பொய்யாக் கூப்புடுறான் மாமா, போவாதீங்க" என்றேன் ஒரு தடவை.

"பொய்யாக் கூப்புடுறவனும் கூப்புடுறவன்தான்டா. கிட்டப் போயிப் பாக்காம உனக்கு எப்பிடித் தெரியும்?"

அப்படித்தான் அந்தக் கடைசிக் குரலும் வந்தது. சின்னக் கப்பல், எஞ்சின் நின்றுவிட்டது, ஒற்றை ஆள். நான் படித்து முடிக்குமுன் மாமா திருப்பிவிட்டார். பக்கத்தில் மிதந்த பாறையின் மறைவிலிருந்து கப்பல்கள் கிளம்பி வந்தன. நம் எஞ்சின் அறையில் தீ. தம்பி உள்ளே. கதவைச் சாத்திக் காற்றை வெளியேற்றினால் தீ அணைந்துவிடும், கப்பல் பிழைக்கும், உள்ளே இருப்பவன் பிழைக்கமாட்டான். "கதவச் சாத்துங்க மாமா!" என்று கத்தினேன். அவர் சாத்தவில்லை. நெற்றி நரம்பு புடைக்க, தீயோடேயே கப்பலை வளைத்து ஓட்டி, எரிபொருள் தீரும்வரை ஓட்டி, யாரும் துரத்தி வராத ஓர் இருட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். மற்ற ஆட்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள். தீ அடங்கியது. தம்பி உயிரோடு இருந்தான். எஞ்சின் இல்லை.

இனிச் செய்ய அந்த விளையாட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உதவி கேட்கும் விளக்கைப் போடுவது. மாமா போட்டார். சிவப்பாக அது மினுங்கத் தொடங்கியது. அப்போது தம்பியின் முகம் திரையில் வந்து ஒரு கேள்வி கேட்டது. "இன்னா கேக்குறான்?" என்றார் மாமா. சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"யாராச்சும் வர்றாங்களான்னு கேக்குறான் மாமா."

கீழே இரண்டு பதில்கள் இருந்தன. மேலே, வருகிறார்கள் என்பது. கீழே, யாரும் வரப்போவதில்லை என்பது. எது எங்கே என்று கேட்டுக்கொண்டு, மேலே இருந்ததை அழுத்தினார்.

மறுநாளிலிருந்து வேறொன்றும் ஆடவில்லை. அக்கா கம்ப்யூட்டரைப் போட்டுவிடுவாள். கரும்புத் தோகைச் சத்தத்துக்கு நடுவே அவர் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். விட்டு விட்டுத் தம்பி கேட்பான், இவர் மேலே அழுத்துவார். அந்த எழுத்துத் தெரியாதவர்தான், அந்த இடம் மட்டும் தெரிந்திருந்தது. நான் நெட்டில் தேடிப் பார்த்தேன். அதை விளையாடியவர்கள் எல்லோரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள். அந்த நிலைமைக்கு வந்துவிட்டால் யாரும் வருவதில்லை, அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். எப்படியாவது அவரை அங்கிருந்து எழுப்பிவிட நினைத்து அதைச் சொன்னேன்.

"இதுல யாரும் வரமாட்டாங்களாம் மாமா. புதுசா ஒரு கப்பல் எடுப்போம்."

"எனக்குத் தெரியாதா?" என்றார். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவன்கிட்ட வர்றாங்கன்னு சொல்லிட்டேனேடா."

படுக்கைப் புண் உள்ளே போய், காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கேயும் அவருடைய வலது கட்டைவிரல் போர்வையின் மேல் அழுந்திக்கொண்டே இருந்தது. நர்ஸம்மா வலிப்பு என்று நினைத்து டாக்டரைக் கூப்பிட்டார்கள். அக்கா மட்டும் அந்த விரலைப் பிடித்து நிறுத்தப் பார்த்து, பிறகு விட்டுவிட்டாள். திரும்பி வரும்போது அவர் எங்களோடு வரவில்லை.

"எடுத்துனு போயிடுடா. அந்த வெளக்கு என் வூட்ல எரிய வேணாம்" என்று அக்கா கம்ப்யூட்டரை என்னிடமே தந்துவிட்டாள். அழித்துவிடலாம் என்றுதான் போட்டேன். கப்பல் அதே இருட்டில் நிற்கிறது. விளக்கு மினுங்குகிறது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லி இதை முடிக்க, கேட்டுவைத்த பேச்சுகளையெல்லாம் துழாவிப் பார்த்தேன். எதுவும் கிடைக்கவில்லை. நேற்று ஷிப்ட் முடிந்து வந்து, நைலான் நூல் சுற்றிய அந்தக் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தேன். தம்பி வந்து கேட்டான்.

மேலே இருந்ததை அழுத்தினேன்.