இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு பலூன்

இதயத்தின் அடுத்த துடிப்புக்குக் காத்திருப்பதுதான் எண்பதுகளில் சவூதி ஆஸ்பத்திரி ஒன்றில் என் தொழில். தளர்ந்த இதயத்துக்குக் கைகொடுக்கப் பெரிய இரத்தக்குழாய்க்குள் ஒரு நீளமான பலூனை வைப்பார்கள். நெஞ்சில் ஒட்டிய வயர்கள் துடிப்பைப் பிடித்து மெஷினுக்குச் சொல்லும். இதயம் இளைப்பாறும்போது பலூன் ஊத வேண்டும். சுருங்கும்போது பலூனும் சுருங்கிவிட வேண்டும். நேரம் பிசகினால் உதவியே உபத்திரவம். லீவுக்கு நாள் எண்ணிய வளைகுடாத் தோழர்களே, காத்திருப்பது பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பலூன்காரன்

முதல் லீவில் இலங்கைக்கு, என் ஊரான சாய்ந்தமருதுக்கு வந்தபோது, மனைவியின் காக்கா, அதாவது அவளுடைய அண்ணன், என் வேலையைப் பற்றிக் கேட்டார். விளக்கினேன். "பலூன் ஊதுறதுக்கு சவூதிக்கு ஏன் மச்சான் போன? நம்மட தர்கா கந்தூரிக் கூட்டத்தில ஊதினாலே யாவாரம் ஓடுமே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "ஓம் காக்கா, அதைத்தான் நானும் கேக்கன்."

நடுக்கம்

ஒருநாள் திரையில் துடிப்புக் கோடு கண்டபடி நடுங்கியது. மெஷினுக்குத் துடிப்பு எது, நடுக்கம் எது என்று தெரியவில்லை. நோயாளி ஏசிக் குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தார். இரத்த அழுத்த அலையைப் பார்த்து ஊதும்படி மெஷினை மாற்றிவிட்டு, இரண்டு போர்வை போர்த்தினேன். பெயர்ச்சீட்டில் இலங்கை என்றிருந்தது. ஊரைக் கேட்டேன். மருதமுனை, லொறி டிரைவர். நான் பக்கத்து ஊர் என்றதும் என் கையைப் பிடித்தார். "தம்பி, கொஞ்ச நேரம் நம்மட பாஷையில கதைங்க. என்ன கதையா இருந்தாலும் பரவால்ல."

கேசட்

மூன்றாம் நாள் அவருடைய கூட்டாளி ஒருவர் ஊரிலிருந்து வந்த கேசட்டைக் கொண்டுவந்தார். மனைவி பேசி அனுப்பியது. மழைக்குக் கூரை ஒழுகியது, ஆடு குட்டி போட்டது, சின்ன மகள் குர்ஆன் ஓதி முடித்தது, இவ்வளவுதான். கேட்கக் கேட்க அவருடைய இதயம் வேகமாக ஓடத் தொடங்கியது. பலூனால் அதோடு சேர்ந்து ஓட முடியவில்லை. இரண்டு துடிப்புக்கு ஒருமுறை ஊதும்படி வைத்தேன். நர்ஸ் கேசட்டை நிறுத்தக் கை நீட்டினாள். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, வேணுமெண்டா மெஷினை நிப்பாட்டுங்க. அவ கதைக்கட்டும்."

மருதமுனையில்

அவர் பிழைத்துக்கொண்டார். பலூனை எடுத்த பிறகு, "சுகமா இரிக்கன்" என்று கட்டிலில் கிடந்தபடியே பேசிப் பதில் கேசட் அனுப்பினார். நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

அடுத்த லீவில் அவர் தந்த பார்சலோடு அவருடைய வீட்டுக்குப் போனேன். "அவர் நல்லா இரிக்கார்" என்றேன். அவருடைய மனைவி என் முகத்தையே பார்த்தார். "கேசட்டில மூச்சு வாங்கினது எனக்குக் கேட்டிச்சி மகனே. என்ன வருத்தமெண்டு நான் கேக்க மாட்டன். எனக்குத் தெரியுமெண்டு மட்டும் அவருக்குச் சொல்லிராதங்க."

துடிப்பை நேரம் பிசகாமல் பிடிக்க எனக்கு ஆறு மாதப் பயிற்சி தந்தார்கள்; இரண்டு பேருடைய பொய்யைக் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சுமப்பதற்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.