வளைந்த கோட்டில் வந்த கன்னம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். ஞாபகமும் முன்னுக்குப் பின் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைகளில் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி நானும் என் நாத்தனாரும் கடலூர் போகிறோம். அங்கே மாதா கோயில் ஹாலில் பெண்களுக்கு இலவசமாகப் படம் வரையச் சொல்லித் தருகிறார்கள். நாத்தனாருக்குப் பொழுது போக வேண்டும். எனக்கு ஒரு முகம் வேண்டும். ஒன்பது வயதில் காய்ச்சலில் போன என் மகளை ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. நான் கண்ணை மூடுவதற்குள் அவளை ஒரு தாளில் வரைந்துவிட வேண்டும். இதை நாத்தனாரிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

முதல் நாள் கோடுகள். நின்ற கோடு, படுத்த கோடு, சாய்ந்த கோடு, வளைந்த கோடு, அலை கோடு என்று டீச்சர் போர்டில் போட்டுக் காட்டினார். நான் படுத்த கோடு போட்டேன். காட்டுமன்னார்கோயில் பக்கம் நாற்பது வருஷம் கயிறு பிடித்து நடவு நட்ட கை இது. ஒரு குத்து நாற்றை ஊன்றியதும் தானாக எழும்பும், அதே அளவு தள்ளி அடுத்ததை ஊன்றும். பென்சிலையும் அப்படியே புள்ளி புள்ளியாக ஊன்றிக்கொண்டு போயிருக்கிறது.

டீச்சர் என் தாளைத் தூக்கிப் பிடித்தார். "எல்லாரும் இங்க பாருங்க. ஆயாவ கோடு போடச் சொன்னா எறும்ப வுட்டிருக்காங்க!"

ஹாலே சிரித்தது. நாத்தனார் ஜாஸ்தியாகவே சிரித்தாள்.

"கையெடுக்காம போடுங்க ஆயா. அது வர்ற வரைக்கும் உங்களுக்கு வேற எதுவும் கெடையாது."

நான்கு சனிக்கிழமை எனக்குப் படுத்த கோடுதான். ஐந்தாவது வாரம் வளைந்த கோட்டுக்கு விட்டார். மற்றவர்கள் மாங்காயும் குடமும் போட்டார்கள். நான் காதடியில் தொடங்கி, முகவாய்க்கு இறங்கி, மறு காதுக்கு ஏறினேன். கை எழும்பவில்லை. மூச்சுவிடக்கூடப் பயந்தேன்.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "யாரு அண்ணி இது?"

"பாப்பா."

"அவளா? அவளுக்கு ஏது இவ்ளோ கன்னம்? கஞ்சிக்கே வழியில்லாம ஒட்டிப்போயி கெடந்த புள்ள. இப்பதான் சோறு போடுறீங்களாக்கும்!"

அதற்குள் டீச்சர் வந்துவிட்டார். "மூஞ்சியெல்லாம் இப்ப கெடையாது. அழிங்க."

ரப்பரை நாத்தனார்தான் எடுத்துக் கொடுத்தாள். அழித்தேன். தாளில் கிடந்த தூளையும் அவளே ஊதிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ஒட்டிய கன்னமாக ஒன்று போட்டுப் பார்த்தேன். அதுவும் அவளாகத் தெரியவில்லை. முன்பு தெரிந்துகொண்டிருந்த முகமும் இப்போது வர மாட்டேன் என்கிறது.

அந்த நாளில் எங்களோடு நடவுக்கு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வரப்பில் உட்கார்ந்திருந்த என் பிள்ளையின் கன்னம் உருண்டையா, ஒட்டலா என்று ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள். என் நாத்தனாரைக் கேட்க வேண்டாம்.