இன்று சரிபார்த்தது

யாழினி, கதிர், ரெண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் என் போனை வாங்கி, அப்பா ஒரு காலத்தில் எழுதிக்கொண்டிருந்த பஸ் நேரப் பக்கம் இன்னும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தீர்களே, அதைப் பற்றித்தான். முதல் பக்கத்தில் இல்லை. ரெண்டாவதில் இல்லை. தள்ளிக்கொண்டே போய், ஐந்தோ ஆறோ பக்கம் தாண்டி, அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"பாவம்ப்பா நீயி" என்றான் கதிர்.

"நான் வேணா மேல கொண்டாரட்டுமாப்பா? அதெல்லாம் எங்களுக்கு சொல்லிக்குடுத்திருக்காங்க" என்றது யாழினி.

நான் காபி டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். அப்பாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. அந்தப் பக்கம் அவ்வளவு கீழே கிடப்பதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதிப் பெருமூச்சு வந்தது. ஏன் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

உங்கள் பள்ளிக்கூட அடையாள அட்டையை லேமினேஷன் போடப் போகும்போது ஒரு வாசனை வருமே, பிளாஸ்டிக் சூடாகிற வாசனை, அது மூக்கில் ஏறினால் போதும், நான் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விடுவேன். அங்கேதான் ஒரு மாடிப்படிக்கு அடியில், நான் வேலை பார்த்த பாயோட பிரவுசிங் சென்டர். எட்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், நான். ப்ளஸ் டூ முடித்துவிட்டு டைப்ரைட்டிங் ஹையர் எழுதியவன் என்பதால் என்னைக் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பாய் நம்பினார். நானும் நம்பினேன்.

நம்ம ஊரில் ரயில் கிடையாது, எங்கே போனாலும் பஸ்தான். அப்ளிகேஷன் போட வருகிறவர்கள் எல்லாரும் ஆன்லைனில் பஸ் நேரம் பார்த்துச் சொல்லச் சொல்வார்கள். பார்த்தால் எங்கேயும் இருக்காது. சரி, நாமே போடுவோம் என்று ஒரு வலைப்பூ ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாண்டில் நாள் முழுக்க நின்று நோட்டில் எழுதினேன். அரியலூர் போய் அங்கேயும் ஒரு நாள் நின்றேன். ஜெயங்கொண்டம், குன்னம், திருமழபாடி என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கட்டம் போட்டு நேரம் அடித்தேன். அடியில் கடை செல்போன் நம்பரையும் போட்டேன். சுத்தமான வேலை. அது வரைக்கும் எந்தக் குற்றமும் இல்லை.

பக்கத்துக்கு அடியில் வந்தவர்களை எண்ணுகிற மீட்டர் ஒன்று உண்டு, ஆட்டோ மீட்டர் மாதிரி. கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. ஆட்கள் வர வர அது ஏறும். ஏறாத நாளில் எனக்குச் சோறு இறங்காது. ஒரு நாள் அது படபடவென்று ஏற, நான் தெருவே கேட்கிற மாதிரிக் கத்திவிட்டேன். பாய் வந்து எட்டிப் பார்த்தார்.

"எட்டு சிஸ்டத்துலயும் ஒம் பக்கத்தத்தான முதல்ல தொறக்குற மாதிரி வச்சிருக்க? வர்றவன் போறவன் எல்லாம் ஒன்னப் பாத்துட்டுத்தான் போறான். இதுக்கா இந்தக் கூத்து?"

பாய் சொன்னது சரிதான். ஆனாலும் நான் விடவில்லை. தேடுபொறியில் நம் பக்கம் மேலே வர என்ன செய்யணும் என்று இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். வெள்ளைத் திரையில் வெள்ளை எழுத்தாக "பெரம்பலூர் பஸ் பெரம்பலூர் பஸ்" என்று வரிவரியாக அடித்து ஒளித்துவைத்தேன். முன்னே பின்னே பார்த்திராத வேறு ஊர் வலைப்பூக்காரர்களிடம், நீங்க என் பக்கத்தைப் போடுங்க, நான் உங்க பக்கத்தைப் போடுறேன் என்று பேசி, சமையல் குறிப்புக்கும் ஜாதகத்துக்கும் என் பஸ் பக்கத்திலிருந்து லிங்க் போட்டேன். அதனால்தான் சிலர் அரியலூர் பஸ் பார்க்க வந்து வத்தக்குழம்பு படித்துவிட்டுப் போனார்கள்.

கடைசியாக ஒன்று படித்தேன். புதிதாகத் தேதி போட்ட பக்கத்தைத் தேடுபொறி மேலே தூக்கி வைக்கும் என்று. அன்றிலிருந்து தினம் காலையில் கடை திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு, முதல் வேலையாக எல்லாப் பக்கத்தின் தலையிலும் "இன்று சரிபார்த்தது" என்று அடித்து அன்றைய தேதியைப் போடுவேன். தேதியை மட்டும்தான் மாற்றுவேன். நேரத்தைப் பார்ப்பதே இல்லை. ஒரு மாசத்தில் என் பக்கம் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. மாவட்டத்துக்கே நான்தான் பஸ் விடுகிற மாதிரி நடந்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரசாங்க வேலைக்கான பரீட்சை நாள். ஹால் டிக்கெட் எடுக்க ஆள் வரும் என்று ஆறு மணிக்கே கடையைத் திறந்து தேதியும் மாற்றிவிட்டேன். ஆறரை இருக்கும், போன் வந்தது. ஒரு பெண் குரல்.

"அண்ணே, பஸ் டைம் போடுறவங்களா? திருமழபாடியிலேர்ந்து பேசுறேன். ஆறு பத்து அரியலூர் வண்டி இன்னும் வரலண்ணே."

"லேட்டா வரும்மா, வந்துரும்" என்றேன், பெரிய டிப்போ மேனேஜர் மாதிரி.

"அது அஞ்சு அம்பதுக்கே போயிருச்சாம்ண்ணே. டைம மாத்தி ரெண்டு மாசம் ஆச்சாம். இங்க நிக்கிறவங்க சொல்றாங்க. எனக்குப் பெரம்பலூர்ல பரீட்சை. ஒன்பதரைக்கு கேட்ட மூடிருவாங்க. அடுத்த வண்டி ஏழு நாப்பதாம்."

ஏழு நாற்பதுக்கு ஏறி, அரியலூரில் மாறி, பெரம்பலூர் வந்து சேர பத்து ஆகிவிடும். என் கை மவுஸ் மேலேயே இருந்தது. எதிரே திரையில் "இன்று சரிபார்த்தது" என்று நிற்கிறது. இரும்மா, லைன்லயே இரு என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் அறைக்கு ஓடினேன்.

"திருமழபாடியிலேர்ந்து இப்ப அரியலூர் வரணும் சார், என்ன வழி?"

"ஏழு நாப்பது வரைக்கும் ஒண்ணுமில்லய்யா. திருமானூர் மெயின் ரோட்டுக்கு வந்துட்டா தஞ்சாவூர்லேர்ந்து அரியலூர் வர்ற வண்டி வரிசையா கெடைக்கும். எதுலயாவது தொத்திக்கிட்டு ரோட்டுக்கு வரச்சொல்லு."

அதை அப்படியே சொன்னேன்.

"இதாவது சரிபார்த்ததாண்ணே?"

"இப்பத்தாம்மா கேட்டேன். எதுக்க நின்னு கேட்டேன்."

பால் கேன் ஏற்றிப் போகிற வண்டிக்காரர் ஒருத்தரைப் பிடித்து அந்தப் பெண் மெயின் ரோட்டுக்கு வந்தது. அங்கே பஸ் ஏறியதும் ஒரு போன், அரியலூரில் மாறியதும் ஒரு போன். நான் கடைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்த்தேன். பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே இருந்தது. பாயிடம் போய் நடந்ததைச் சொல்லி பைக் சாவி கேட்டேன்.

"எடுத்துக்க. அந்தப் புள்ள நல்லபடியா போய்ச் சேரட்டும், இன்ஷா அல்லாஹ். திரும்பி வா, ஒன்ன வச்சுக்கிறேன்" என்றார்.

அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வழி விட்டால்தானே? பைக்கோடு பஸ் ஸ்டாண்டில் காத்து நின்றேன், பஸ் வந்து நிற்கும்போது ஒன்பது இருபது. இறங்கிய பெண்ணுக்கு உங்கள் சித்தி வயசுதான் இருக்கும். சுடிதார், கையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ஹால் டிக்கெட். துணியெல்லாம் பால் வாசனை. பைக்கில் ஏறியதும் பின்னாலிருந்து சொன்னது:

"கல்யாணமாகி திருமழபாடிக்கு வந்து பத்து நாள்தாண்ணே ஆவுது. எங்க மாமியா நேத்தே சொன்னாங்க, அஞ்சு அம்பதுன்னு. உங்க பக்கத்துல நேத்துத் தேதி போட்டு, சரிபார்த்ததுன்னு இருந்துச்சு. நான் மாமியாவ விட்டுட்டு உங்கள நம்பிட்டேன்."

நான் வண்டியை முறுக்கினேன்.

கேட்டில் காவலாளி ஒரு கதவைச் சாத்திவிட்டு மறு கதவில் கை வைத்திருந்தார். "ஓடியாம்மா, ஓடியா!" என்று அவரே கத்தினார். அந்தப் பெண் உள்ளே ஓடியது. பின்னாலேயே கதவு மூடியது. நான் பைக்கை ஸ்டாண்டுகூடப் போடாமல் அப்படியே வேலியில் சாய்த்து வைத்தேன். எதிர்க் கடையில் ஒரு சோடா குடித்தேன். அந்த மாதிரி ஒரு நிம்மதி யாழினி பிறந்த அன்றைக்குத்தான் மறுபடி வந்தது.

கடைக்கு வந்ததும் பாய் பெரிதாகத் திட்டுவார் என்று பார்த்தேன். "மாமியாக்காரி மெய்யச் சொல்லி மருமக நம்பாமப் போனது ஒன்னாலதாண்டா" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு மாசம் ஒரு தடவை நோட்டோடு போய் நின்று கேட்டு வந்து, போய்ப் பார்த்த தேதியை மட்டும் போட்டேன். வெள்ளை எழுத்தையெல்லாம் அழித்தேன். பக்கம் இறங்கியது. முதலில் மூன்றாவது இடம், அப்புறம் பத்தாவது. மீட்டர் ஓடவில்லை. சோறு நன்றாக இறங்கியது. உங்கள் அம்மாவைக் கட்டி, வேலை மாறி, நோட்டோடு போய் நிற்பதும் ஒரு நாள் நின்றுபோனது.

பாயோட சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். அந்த மீட்டரைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள் போல, அது இருந்த இடத்தில் ஒரு காலிக் கட்டம்தான் தெரிகிறது. வத்தக்குழம்பு வலைப்பூவும் இல்லை, ஜாதகக்காரரும் இல்லை. பஸ் நேரம் கேட்டால் போனே வாயைத் திறந்து சொல்லிவிடுகிறது. அதை யார் நேரில் போய்ப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நானில்லை, அது போதும்.

யாழினி, நீ மேலே கொண்டுவரத் தெரிந்துகொள். நல்ல படிப்புதான். கொண்டுவருவதற்கு முன்னால் ஒரு தடவை பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டு வா.

இன்று காலை நீங்கள் ரெண்டு பேரும் கிளம்பியபின் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பாஸ்வேர்டு கைக்கு ஞாபகம் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், இந்த வாரமும் ரெண்டு மூன்று பேர் எப்படியோ வந்து போயிருக்கிறார்கள். நேரக் கட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். "இது பழையது, உங்கள் ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று மேலே ஒரு வரி போட்டேன்.

அடியில் அந்தப் பெண் அன்று சாயங்காலம் எழுதிவிட்டுப் போன குறிப்பு அப்படியே இருந்தது: "பரீட்சை எழுதிட்டேன் அண்ணே. ரொம்ப நன்றி. திருமழபாடி வண்டி 5.50, மாத்திருங்க." நேரத்தை அன்றைக்கே மாற்றிவிட்டேன், ஆனால் அதற்கு நான் பதிலே போட்டதில்லை. நன்றிக்கு என்ன பதில் போடுவது என்று தெரியாமல் விட்டது.

இப்போது அதற்குக் கீழே அடித்தேன்: "மாத்திட்டேன்மா. அன்னைக்கு நான் சரிபார்க்கல. தேதிய மட்டும்தான் மாத்தினேன்."

ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன். இன்றைய தேதியோடு அது பக்கத்தில் ஏறியது.